கடலோரக் கொல்லைக்கு முதல் வரப்பு அடம்பங்கொடி

கடற்கரையை ஒட்டி நிலம் வைத்திருக்கும் விவசாயி தம் கொல்லையைச் சுற்றி வேலி கட்டுகிறார். ஆண்டுதோறும் வரப்பை வெட்டி மண் அணைக்கிறார். ஆனால் அவர் போடாத வரப்பு ஒன்று அவருடைய கொல்லைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது. அதுதான் கடற்கரை மணல்மேடு. அந்த மேட்டைக் கட்டியதில் பெரும்பங்கு ஒரு கொடியைச் சேரும். காற்றும் அலையும் மேட்டைக் கலைக்கும்போதெல்லாம் கூலி கேட்காமல் அதைச் சீர் செய்வதும் அந்தக் கொடியே. அதன் பெயர் அடம்பங்கொடி.

வெண்மணலில் படர்ந்து, காலையில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் புனல்போல் பூத்துக் கிடக்கும் இக்கொடியை அறியாதவர் கடலோரக் கிராமங்களில் இல்லை. ஆனால் அதன் பயனை அறிந்தவர்கள் குறைவு. 'ஒன்றுக்கும் உதவாத கொடி' என்று வெட்டி எறிகிறார்கள். வண்டிப் பாதைக்காக அழிக்கிறார்கள். கட்டடத்திற்கு மணல் அள்ளும்போது கொடியோடு சேர்த்தே வாரி விடுகிறார்கள்.

கொடி போன முதல் கோடையில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. அடுத்தடுத்த கோடைகளில் வேலி ஓரத்தில் மணல் ஏறத் தொடங்கும். காற்றில் வரும் மணல் பட்டு மிளகாய், கத்தரி நாற்றுகளின் இளந்தண்டு தேயும், இலை கிழியும். பாத்தியும் வாய்க்காலும் தூர்ந்து போகும். மேடு தாழ்ந்துகொண்டே வந்தால் ஒரு புயல் நாளில் கடல்நீர் கொல்லைக்குள் வந்துவிடும். அப்போது எத்தனை வேலி கட்டினாலும் பயனில்லை. ஆகவே இக்கொடியைப் பற்றிக் கடலோர விவசாயிகள் தெரிந்து வைத்துக் கொள்வது அவசியம்.

கொடியின் இயல்பு

அடம்பு, அடும்பு, அடப்பங்கொடி, ஆட்டுக்கால் அடம்பு, குதிரைக்குளம்பு என்று இதற்குப் பல பெயர்கள் உண்டு. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வள்ளைக்கீரையும் சேர்ந்த அதே இனம்தான் இதுவும். இதன் தாவரவியல் பெயர் ஐப்போமியா பெஸ்-காப்ரே என்பது. 'பெஸ்-காப்ரே' என்னும் லத்தீன் சொல்லுக்கு ஆட்டின் கால் என்று பொருள். இலையின் நுனி ஆட்டுக் குளம்புபோல இரண்டாகப் பிளந்திருப்பதைப் பார்த்து 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் நாட்டு அறிஞர் இப்பெயரைச் சூட்டினார். அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சங்கப் புலவர்கள் இந்த இலையை மானின் அடிக்கு ஒப்பிட்டுள்ளனர். நெய்தல் நிலத்துக்கு உரிய பூவாக அடும்பு சங்க நூல்களில் பல இடங்களில் வருகிறது.

இக்கொடிக்குத் தடித்த ஆணிவேர் உண்டு. அது மணலுக்குள் ஆழமாக இறங்கி ஈரத்தைத் தேடும். ஆணிவேரிலிருந்து கிளம்பும் தண்டுகள் நாற்புறமும் தரையோடு தரையாகப் படரும். ஒரு தண்டு 30 அடி, 40 அடி நீளம் போவது சாதாரணம். சில இடங்களில் அதற்கு மேலும் நீளும். தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். ஆகவே தாய்ச்செடியிலிருந்து அறுந்துபோன துண்டும் தனிச் செடியாகப் பிழைத்துக் கொள்ளும்.

இலை தோல்போலத் தடிப்பானது. கடலிலிருந்து தெறிக்கும் உப்புத் துளிகள் அதைக் கருக்குவதில்லை. கடும் வெயிலில் இலையின் இரு பாதிகளும் மேல்நோக்கி மடிந்து, வெப்பம் படும் பரப்பைக் குறைத்துக் கொள்ளும். தண்டையோ இலையையோ ஒடித்தால் பால் வடியும். இலைக்காம்பின் தலைப்பில் இரு சிறு தேன் சுரப்பிகள் உள்ளன. இவற்றை நாடி எறும்புகள் வருகின்றன. அந்த எறும்புகள் இலை தின்னும் பூச்சிகளை விரட்டுகின்றன.

பூ காலையில் விரிந்து பிற்பகலில் வாடிவிடும். காய் உருண்டையானது, அதில் 4 விதைகள் இருக்கும். விதை கறுத்த பழுப்பு நிறம் கொண்டது. மேலே மென்மையான மயிர் மூடியிருக்கும். விதையின் தோல் மிகவும் கடினமானது. உள்ளே காற்று அடைந்திருப்பதால் விதை கடலில் மிதக்கும். பல மாதங்கள் மிதந்தாலும் முளைப்புத்திறனை இழக்காது. இந்தியப் பெருங்கடல், பசிபிக், அட்லாண்டிக் ஆகிய மூன்று பெருங்கடல்களின் வெப்பமண்டலக் கரைகளிலும் இதே கொடி காணப்படுவதற்கு இதுவே காரணம்.

மணலைப் பிடிக்கும் முறை

உலர்ந்த மணல் காற்றில் எப்படிச் செல்கிறது என்பதை விவசாயி தம் கண்ணாலேயே பார்க்கலாம். காற்று வேகமாக வீசும் பிற்பகலில் கடற்கரையில் நின்றால் மணல் முதலில் காலில்தான் அடிக்கும். முகத்தில் அவ்வளவாக அடிக்காது. மணல் துகள்கள் வானத்தில் பறப்பதில்லை. அவை தரையை ஒட்டித் துள்ளித் துள்ளிச் செல்கின்றன. விழும் துகள் வேறு துகள்களை எழுப்பி விடுகிறது. பெரும்பகுதி மணல் முழங்கால் உயரத்திற்குள்ளேயே நகர்ந்துவிடுகிறது.

ஆகவே மணலைத் தடுக்க உயரமான மரம் மட்டும் போதாது. மரத்தின் அடியில் தரை வெறுமையாக இருந்தால் மணல் அதன் அடிமரங்களுக்கு இடையே புகுந்து வந்துவிடும். தரையை ஒட்டிக் காற்றின் வேகத்தைக் குறைக்கும் படர்கொடி வேண்டும். அடம்பங்கொடி அதைச் செய்கிறது. இலைகளில் மோதிய காற்று வேகம் குறைந்து, சுமந்து வந்த மணலை அங்கேயே போட்டுவிடும்.

மற்றச் செடிகள் மணல் மூடினால் செத்துவிடும். அடம்பங்கொடியோ மணல் மூட மூட நுனியை மேலே நீட்டும். மூடப்பட்ட கணுக்களில் புதிய வேர்கள் விடும். மறுபடியும் மணல் விழும். மறுபடியும் கொடி மேலே வரும். இவ்வாறு ஆண்டுக்கு ஆண்டு மேடு உயர்கிறது. மேட்டை வெட்டிப் பார்த்தால் பழைய தண்டுகளும் வேர்களும் வலைபோலப் பின்னிக் கிடப்பதைக் காணலாம். கட்டடச் சுவருக்குள் கம்பி இருப்பதுபோல மணல்மேட்டுக்குள் இந்தக் கொடி இருக்கிறது.

மேடும் கேணி நீரும்

மணல்மேட்டின் பயன் மணலைத் தடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. கடலுக்கு அருகிலேயே இருந்தும் சில கேணிகளில் தண்ணீர் இனிப்பாக இருப்பது எப்படி என்று பலர் வியப்பதுண்டு. அதற்கும் மேட்டுக்கும் தொடர்பு உண்டு.

மணலில் பெய்யும் மழை ஓடி வீணாகாமல் அப்படியே உள்ளே இறங்குகிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. ஆகவே அது கீழே உள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. எவ்வளவு ஆழத்திற்கு நிற்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நன்னீர் மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி உயர்ந்திருந்தால், கடல் மட்டத்திற்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும். டச்சு நாட்டுக் கைபன், ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பர்க் ஆகிய இருவரும் தனித்தனியே இந்தக் கணக்கைக் கண்டறிந்தனர்.

இக்கணக்கின் மறுபக்கத்தை விவசாயி கவனிக்க வேண்டும். மேலே 1 அடி குறைந்தால் கீழே உப்புநீர் காலப்போக்கில் 40 அடி ஏறிவர வழி ஏற்படும். மேடு உயரமாகவும் அகலமாகவும் இருந்தால் மழைநீர் அதில் சேர்ந்து நன்னீர் மட்டம் உயர்ந்து நிற்கும். மேட்டை வெட்டி மணலை அள்ளினால் நீர் நிற்கும் இடமே குறைந்து போகும். அதே நேரத்தில் ஆழ்குழாய் போட்டு மோட்டார் வைத்து இறைத்தால் உப்பு வருவதைத் தடுக்க முடியாது.

வேதாரண்யம் பகுதியில் புகையிலை பயிரிடும் விவசாயிகள் மணலில் ஆழமில்லாத குட்டைகளைத் தோண்டி, குடத்தால் மொண்டு செடிக்குச் செடி ஊற்றி வந்தனர். மேலே மிதக்கும் நன்னீரை மட்டும் மெல்ல எடுக்கும் முறை அது. கடலோர நிலத்திற்கு அந்த முறையின் தத்துவம் இன்றும் பொருந்தும். ஆழமாகத் தோண்டி வேகமாக இறைப்பதைவிட, ஆழம் குறைந்த கேணிகளில் சிறிது சிறிதாக எடுப்பதே நல்லது.

அலையின் முன் மேடு

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது தமிழ்நாட்டில் மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டது நாகப்பட்டினம் மாவட்டம். அங்கு 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விளைநிலங்களில் கடல்நீர் புகுந்தது. உயரமான, இடைவெளி இல்லாத மணல்மேடுகள் இருந்த இடங்களில் நீர் உள்ளே புகுந்தது குறைவாகவும், மேடு வெட்டப்பட்டிருந்த இடங்களிலும் ஆற்று முகங்களிலும் அதிகமாகவும் இருந்தது. மேட்டில் வண்டிக்காக வெட்டிய ஒரு திறப்புகூட வாய்க்கால்போல ஆகி அலையை உள்ளே அழைத்துவிடும் என்பது அன்று தெரிந்த பாடம்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. லட்சக்கணக்கான தென்னை மரங்கள் விழுந்தன. காற்றை எந்தக் கொடியாலும் தடுக்க முடியாது. ஆனால் புயலோடு எழும்பும் கடல்நீர் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பது முன்னால் உள்ள மேட்டின் உயரத்தைப் பொறுத்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடம்பங்கொடி அலையைத் தடுக்காது. அது கட்டிய மேடுதான் தடுக்கும். பெரும்புயலில் அலைகள் மேட்டின் முகப்பை அரித்துக் கொடியையும் சேர்த்து இழுத்துச் செல்லும். அரிக்கப்பட்ட மணல் கடலுக்குள் சற்றுத் தூரத்தில் திட்டாகப் படிந்து, அடுத்து வரும் அலைகளின் வேகத்தைக் குறைக்கும். கடல் அமைதியான பிறகு அந்த மணலின் பெரும்பகுதி கரைக்குத் திரும்பும். திரும்பிய மணலைக் காற்று உலர்த்தி நகர்த்தும்போது, பின்னால் பிழைத்திருக்கும் கொடி மீண்டும் கீழே படர்ந்து அதைப் பிடித்து மேட்டைக் கட்டும். பின்னால் கொடி மிச்சம் இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது. மணல் நேரே கொல்லைக்கு வரும்.

கடல்நீர் ஒருமுறை வயலில் புகுந்தால் அதைச் சீர் செய்யும் செலவு எவ்வளவு என்பதைப் பட்டவர்கள் அறிவார்கள். வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடிக்க வேண்டும். களிப்பாங்கான நிலமாக இருந்தால் மண் பரிசோதனை செய்து ஜிப்சம் இட வேண்டும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். ஒரு போகமாவது கைவிட்டுப் போகும். அதைவிட மேட்டைக் காப்பது எளிது.

நடவு முறை

கொடி அழிந்துபோன மேட்டில் அதை மீண்டும் வளர்ப்பது கடினமான காரியமன்று. சர்க்கரைவள்ளிக் கொடி நடத் தெரிந்த எவரும் இதை நடலாம்.

பருவம்: வடகிழக்குப் பருவமழை தொடங்கி மணல் ஓரடி ஆழத்திற்கு நனைந்த பிறகு நட வேண்டும். ஐப்பசி முதல் கார்த்திகை நடுப்பகுதி வரை ஏற்ற காலம். கோடையில் நட்டால் தண்ணீர் ஊற்றியே தீர வேண்டும். அப்படியும் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

இடம்: கடல் பொங்கும் நாட்களில் அலை ஒதுக்கிய குப்பையும் கிளிஞ்சலும் எதுவரை கிடக்கின்றன என்று பார்க்க வேண்டும். அதற்கு மேலே, மேட்டின் கடல்பக்கச் சரிவின் அடியிலிருந்து நடவைத் தொடங்கலாம். அலை அடிக்கடி தொடும் இடத்தில் நட்டால் வேர் பிடிக்கும் முன்பே அடித்துச் சென்றுவிடும்.

தண்டு தேர்வு: அருகிலேயே செழிப்பாக உள்ள கொடியிலிருந்து, நடுத்தர முதிர்ச்சியுள்ள தண்டுகளை எடுக்க வேண்டும். இளநுனி வாடிவிடும், மிக முற்றிய அடித்தண்டு வேர் விடத் தாமதமாகும். 2 முதல் 3 அடி நீளமும் 5, 6 கணுக்களும் உள்ள துண்டுகளாக வெட்டிக் கொள்ளவும். ஒரே இடத்தில் முழுவதையும் வெட்டிவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் அந்த இடம் வெறுமையாகிவிடும். மேட்டின் நிலப்பக்கத்தில் உள்ள கொடியிலிருந்து எடுப்பது நல்லது. வெட்டிய துண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, அன்றே நட்டுவிட வேண்டும்.

நடவு: மேலே உள்ள உலர்ந்த மணலை ஒதுக்கிவிட்டு, முக்கால் அடி ஆழத்திற்குச் சாய்வாகக் குழி எடுக்கவும். அடிப்பக்கத்து இலைகளைக் கிள்ளிவிட்டு, குறைந்தது 3 கணுக்கள் ஈர மணலுக்குள் போகும்படி துண்டைச் சாய்த்து வைத்து, மணலை மூடிக் காலால் அழுத்தவும். நுனிப்பக்கம் ஒன்றிரண்டு கணுக்கள் வெளியே இருந்தால் போதும். துண்டுக்குத் துண்டு 3 அடி, வரிசைக்கு வரிசை 3 அடி இடைவெளி விடலாம். முதல் வரிசையின் இடைவெளிக்கு நேரே இரண்டாம் வரிசைத் துண்டு வருமாறு மாற்றி மாற்றி நட வேண்டும். 100 அடி நீளத்திற்கு 3 வரிசை நடச் சுமார் 100 துண்டுகள் போதும்.

விதை மூலம்: விதையை அப்படியே போட்டால் பல மாதங்கள் முளைக்காமல் கிடக்கும். கடினமான மேல்தோலை உப்புத்தாளிலோ சொரசொரப்பான கல்லிலோ ஒரு பக்கம் மட்டும் தேய்த்து, உள்ளிருக்கும் வெண்மை தெரியத் தொடங்கியதும் நிறுத்தி, ஓர் இரவு தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். ஊறிப் பருத்த விதைகளை மணலும் மட்கிய எருவும் கலந்த பைகளில் ஊன்றி, நாற்று ஓரளவு படரத் தொடங்கியதும் நடலாம். தண்டு கிடைக்காத இடங்களுக்கு இம்முறை உதவும்.

மணல் தடுப்பு வேலி: மேடு மிகவும் தேய்ந்து போயிருந்தால் கொடிக்கு முதல் ஆண்டில் துணை வேண்டும். பனை மட்டை, தென்னங்கீற்று, சவுக்கு மிலார் ஆகியவற்றால் 2 அடி உயரத்திற்கு வேலி கட்டலாம். வேலியை அடர்த்தியாகக் கட்டக் கூடாது; பாதிக்குப் பாதி காற்றுப் புகும் சந்து இருக்க வேண்டும். முழுவதும் அடைத்துவிட்டால் காற்று சுழன்று வேலியின் அடியைப் பறித்துவிடும். ஒரே நீளமாகக் கட்டாமல் இடையிடையே திறப்பு விட்டுக் கட்டவும். தை முதல் பங்குனி வரை கடல் ஆமைகள் முட்டையிடக் கரை ஏறும் காலம். அவற்றுக்கு வழி வேண்டும். அடும்புக் கொடி சிதையும்படி ஆமை மணலைத் தோண்டி முட்டையிட்டு மூடும் காட்சி அகநானூற்றிலேயே காணப்படுகிறது.

பராமரிப்பு

நட்ட முதல் 2 மாதங்களுக்கு மழை இல்லாத நாட்கள் நீண்டால் வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றினால் நல்லது. உரம் தேவையில்லை. வேர் பிடித்துவிட்டால் பிறகு தண்ணீரும் தேவையில்லை. ஆனால் மிதிபடாமல் காக்க வேண்டும். ஆடு மாடுகள் பொதுவாக இக்கொடியை விரும்பி மேய்வதில்லை. ஆனால் மந்தை நடந்து செல்லும் தடத்தில் தண்டு நசுங்கி அறுந்துவிடும். ஆகவே முதல் ஆண்டில் மந்தையை வேறு வழியாக ஓட்ட வேண்டும். கடலுக்குச் செல்லும் பாதைகளை ஒன்றிரண்டாகக் குறைத்து, நேராக வெட்டாமல் வளைவாக அமைத்தால் காற்றும் அலையும் நேரே புக முடியாது. மீனவர்கள் வலை உலர்த்தும் இடத்தையும் படகு ஏற்றும் இடத்தையும் அவர்களோடு கலந்து பேசி விட்டுவிட்டு, மற்ற இடங்களில் நடுவதே முறை.

துண்டுகள் காய்ந்துபோன இடங்களில் அடுத்த மழையில் மறுநடவு செய்ய வேண்டும். இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டால் பெரும்பாலும் கொடி தானே பார்த்துக் கொள்ளும்.

மூன்று அடுக்குத் தடுப்பு

கடலோரக் கொல்லைக்கு அடம்பங்கொடி மட்டும் முழுப் பாதுகாப்பு ஆகாது. தடுப்பை மூன்று அடுக்குகளாக அமைக்க வேண்டும்.

முதல் அடுக்கு கடலைப் பார்த்த மேட்டின் முகப்பு. இங்கே அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் இருக்க வேண்டும். கூரிய முட்களோடு உருண்டையாகக் காய்த்து மணலில் உருண்டோடும் அந்தப் புல்லும் மணலை நன்றாகப் பிடிக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

இரண்டாவது அடுக்கு மேட்டின் பின்சரிவு. இங்கே தாழை, புன்னை போன்ற கடலோர மரங்களும் புதர்களும் ஏற்றவை. இவை உப்புக் காற்றை வடிகட்டும்.

மூன்றாவது அடுக்கு சமதரை. இங்கே பனையும் சவுக்கும் வைக்கலாம். அதற்குப் பின்னால்தான் கொல்லை.

சவுக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. விறகுக்கும் கம்புக்கும் விலை கிடைக்கிறது என்பதால் மேட்டின் முகப்பு வரை சவுக்கை நெருக்கி நடுவது வழக்கமாகி வருகிறது. அடம்பங்கொடிக்கு முழு வெயில் வேண்டும். சவுக்கின் நிழலிலும் அதன் சருகு மெத்தையாக விழுந்து மூடும் இடத்திலும் கொடி நலிந்துவிடும். பிறகு சவுக்கை அறுவடை செய்து எடுக்கும்போது மேடு மொட்டையாகிவிடும். சவுக்கு நல்ல மரம்தான். ஆனால் அதன் இடம் மூன்றாவது வரிசை.

கவனிக்க வேண்டியவை

சர்க்கரைவள்ளி பயிரிடும் விவசாயிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு அடம்பங்கொடியிலும் தங்கி வாழக்கூடியது. ஆகவே சர்க்கரைவள்ளிப் பாத்திக்கு அருகில் அடம்பங்கொடியைப் படர விடக் கூடாது. மேட்டில் உள்ள கொடியை அழிக்கத் தேவையில்லை. மேட்டை ஒட்டிய பாத்தியில் வேறு பயிரை வைத்து, சர்க்கரைவள்ளியைத் தள்ளிப் போட்டால் போதும். வண்டு இல்லாத தண்டுகளை நடுதல், கிழங்கு வெளியே தெரியாதபடி மண் அணைத்தல், அறுவடை முடிந்ததும் கொடியையும் சொத்தைக் கிழங்கையும் அகற்றி அழித்தல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல் ஆகியவற்றைத் தவறாமல் செய்யவும்.

இன்னொரு குழப்பத்தையும் தவிர்க்க வேண்டும். ஏரி, வாய்க்கால் ஓரங்களில் புதராக மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் இதே இனத்தைச் சேர்ந்தது. பூவும் ஏறத்தாழ இதுபோலவே இருக்கும். அது வெளிநாட்டிலிருந்து வந்த களை, கால்நடைக்கு நஞ்சு, அழிக்கப்பட வேண்டியது. அடம்பங்கொடியோ நம் கரைக்கு உரியது. நிமிர்ந்து வளர்வது காட்டாமணக்கு. தரையில் படர்ந்து, இலை நுனி பிளந்திருப்பது அடம்பு. அடம்பங்கொடியையும் தீவனமாக அறுத்துப் போட வேண்டாம்.

இக்கொடிக்கு மருத்துவப் பயன்களும் சொல்லப்படுகின்றன. உடல்வலிக்கும் வீக்கத்திற்கும் இலையை வதக்கிக் கட்டும் வழக்கம் உண்டு. சொறி எனப்படும் இழுதுமீன் பட்ட இடத்தில் இதன் இலையைப் பயன்படுத்தும் வழக்கம் தாய்லாந்திலும், ஆஸ்திரேலியாவின் பழங்குடி மக்களிடமும் உள்ளது. இவை மேல்பூச்சுக்கு மட்டுமே. உள்ளுக்குச் சாப்பிடுவது கூடாது. இழுதுமீன் பட்டு மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சட்டத்தின் பாதுகாப்பு

மணல்மேடுகளை வெட்டுவதும் மாற்றி அமைப்பதும் 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே தடை செய்யப்பட்டன. 2011, 2019ஆம் ஆண்டுகளின் அறிவிக்கைகளில் மணல்மேடுகள் மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே மேட்டில் மணல் அள்ளுவோரைக் கண்டால் தடுக்கச் சொல்லி வருவாய்த் துறையிடம் முறையிட ஊராருக்கு உரிமை உண்டு. மேடு பெரும்பாலும் புறம்போக்கு நிலமாகவோ வனத்துறை நிலமாகவோ இருக்கும். அங்கே கொடி நடும் முன் ஊராட்சிக்கும் வனத்துறைக்கும் தெரிவித்து அனுமதி பெற்றுக் கொள்வது நல்லது.

ஒருவரால் ஆகாது

மேட்டைக் காப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு விவசாயி தம் கொல்லைக்கு நேரே உள்ள 100 அடி மேட்டில் கொடியை நன்றாக வளர்த்து வைத்திருக்கலாம். பக்கத்துக் கொல்லைக்கு நேரே மேடு வெட்டப்பட்டிருந்தால் கடல்நீர் அந்த வழியாக வந்து இருவர் நிலத்தையும் சேர்த்தே கெடுக்கும். மேட்டில் உள்ள தாழ்ந்த இடம் எதுவோ, அதுவே ஊர் முழுவதற்குமான பாதுகாப்பின் அளவு. ஆகவே இது தனி ஒருவரின் வேலை அன்று. ஊர் கூடிச் செய்ய வேண்டியது.

அதற்குப் பெரும் பணமும் தேவையில்லை. தண்டு கரையிலேயே கிடைக்கிறது. வேலிக்கு மட்டையும் மிலாரும் ஊரிலேயே இருக்கின்றன. மழை தொடங்கிய பின் வீட்டுக்கு ஒருவர் ஒரு நாள் வந்தால் ஊருக்கு நேரே உள்ள மேட்டின் வெட்டுகளையும் வெறுமையான இடங்களையும் நட்டு முடித்துவிடலாம். நடும் முன் ஒருமுறை மேட்டின்மேல் நீள நடந்து, எங்கே தாழ்ந்திருக்கிறது, எங்கே கொடி இல்லை, எங்கே வண்டித்தடம் வெட்டியிருக்கிறது என்று குறித்துக் கொண்டால் வேலை எளிதாகும்.

'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்பது தமிழ் மக்களிடையே, குறிப்பாக யாழ்ப்பாணப் பகுதியில், வழங்கிவரும் பழமொழி. தனித்தண்டு எளிதில் அறும். பல சேர்ந்தால் வலிமை பெறும். கொடிக்குச் சொன்னது கொடியைக் காக்க வேண்டியவர்களுக்கும் பொருந்தும். வரும் ஐப்பசி மழையில் கடலோர விவசாயிகள் தங்கள் ஊர் மேட்டில் அடம்பங்கொடியை நட்டுக் காத்து, கொல்லையையும் கேணி நீரையும் காப்பாற்றிக் கொள்வார்களாக.